ஆஸ்திரேலியப் பாலையில் ஒட்டகக்காரர்களும் ‘கான்’ இரயிலும்

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து வடகோடியிலுள்ள டார்வின் வரை, கண்டத்தைத் தெற்கு வடக்காக ஊடறுத்துச் செல்லும் இரயில் ஒன்று உண்டு. 2,979 கிலோமீட்டர் ஓடும் அந்த வண்டிக்குக் ‘கான்’ என்று பெயர். ஒட்டகத்தின் மீது அமர்ந்த மனிதனின் உருவமே அதன் சின்னம். இப்பெயரைக் கேட்டவுடன் நம்மவர் பலருக்கும் ‘கான்’ என்னும் பட்டப்பெயரே நினைவுக்கு வரும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அரபு எழுத்தில் இரண்டும் வேறு வேறு. பட்டப்பெயர் ‘கா’ என்னும் எழுத்தில் தொடங்குவது. இரயிலின் பெயரோ ‘ஆப்கான்’ என்ற சொல்லின் வாற்பகுதி. அதிலுள்ள எழுத்து ‘கைன்’ ஆகும். ஒரு சமுதாயத்தாரின் பெயரைப் பாதியாக வெட்டி வழங்கிய கேலிச்சொல்லே பிற்காலத்தில் ஒரு நாட்டின் புகழ்மிக்க இரயிலுக்குப் பெயராயிற்று.

இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொல்வோர், “முதலில் ஒட்டகம் வந்தது, பிறகு இரயில் வந்தது, இரயில் வந்ததும் ஒட்டகம் போயிற்று” என்று மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுவர். உண்மை அவ்வளவு எளிதன்று. இரயிலும் ஒட்டகமும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்ந்தன. பின்னர் இரண்டையும் வீழ்த்தியதில் பெரும்பங்கு மூன்றாவதான மோட்டார் வாகனத்துக்கு உண்டு. அதனோடு, ஒட்டகக்காரர்கள் வேறு வழி தேடவொண்ணாதவாறு அடைத்து நின்ற சட்டங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

வந்தவர்கள் யார்?

ஆஸ்திரேலியாவின் கரையோரங்களில் குடியேறிய ஐரோப்பியருக்கு அக்கண்டத்தின் உட்பகுதி நீண்ட காலம் புதிராகவே இருந்தது. குதிரையும் காளையும் நாள்தோறும் நீர் வேண்டுபவை. நீரற்ற மணற்பரப்பில் அவை பயன்படவில்லை. எனவே, 1860ஆம் ஆண்டு மெல்போர்னிலிருந்து புறப்பட்ட பர்க், வில்ஸ் ஆய்வுக் குழுவுக்காகப் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து 24 ஒட்டகங்கள் வரவழைக்கப்பட்டன. அவற்றைப் பேணத் தெரிந்தவர்களும் உடன் வந்தனர். தோஸ்த் முஹம்மது என்பவர் அவர்களுள் ஒருவர். அவரது கப்ரு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மெனின்டீ என்னும் ஊருக்கு அருகில் இன்றும் உள்ளது.

அக்குழுவின் தலைவர்கள் பாலையில் மடிந்தார்கள். ஆயினும் ஒட்டகம் அங்கே பயன்படும் என்பது உறுதியாயிற்று. 1865ஆம் ஆண்டின் முடிவில் தாமஸ் எல்டர் என்னும் பெருவணிகர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஒட்டகக்காரர்களையும் போர்ட் அகஸ்டா துறைமுகத்தில் கொண்டு வந்து இறக்கினார். அங்கிருந்து வடக்கேயுள்ள பெல்டானா பண்ணையில் ஒட்டகங்கள் பெருக்கப்பட்டன. 1870 முதல் 1872 வரை நடைபெற்ற தந்திக் கம்பி அமைக்கும் பெரும்பணிக்கும் ஒட்டகங்கள் உதவின. அதன் பிறகு 1920 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 20,000 ஒட்டகங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்ததாகவும், அவற்றோடு வந்த மனிதர்கள் 2,000 பேருக்குக் குறையாதவர் என்றும் கணக்கிடுவர்.

இவர்கள் அனைவரையும் வெள்ளையர் ‘ஆப்கான்’ என்றே அழைத்தனர். உண்மையில் பட்டாணியர், பலூச்சியர், சிந்தியர், பஞ்சாபியர் எனப் பல இனத்தாரும் பல மொழியினரும் இவர்களில் இருந்தனர். பலர் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமக்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். மொழியால் வேறுபட்ட இவர்களை ஒன்றாக்கியது தொழுகை வரிசையும் ஹலால் உணவும் செய்தொழிலுமே ஆகும்.

இருப்புப் பாதையும் ஒட்டகப் பாதையும்

1878ஆம் ஆண்டு போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கு நோக்கி இருப்புப் பாதை அமைக்கும் பணி தொடங்கிற்று. அதன் அகலம் 1,067 மில்லிமீட்டர். நம் நாட்டு மீட்டர் கேஜ் பாதையைவிடச் சற்றே அகலமானது. செலவைக் குறைக்கவே இக்குறுகிய பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1879இல் குவோர்ன், 1880இல் ஹாக்கர், 1881இல் பெல்டானா, 1884இல் ஹெர்காட் ஸ்பிரிங்ஸ், 1891இல் ஊட்னடாட்டா என அது படிப்படியாக முன்னேறிற்று. ஊட்னடாட்டாவில் நின்ற பாதை, அடுத்த 38 ஆண்டுகள் அங்கிருந்து நகரவில்லை.

பாதை செல்லும் திசையைத் தீர்மானித்தது நீர். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். பாலையின் ஓரமாக நிலத்தடியிலிருந்து பொங்கியெழும் ஊற்றுகள் ஒரு வரிசையாக அமைந்திருந்தன. அவ்வூற்றுகளை அறிந்து, அவற்றைப் புனிதமாகப் போற்றி, தலைமுறை தலைமுறையாக அவ்வழியே நடந்தவர்கள் அரபனா உள்ளிட்ட பூர்வகுடி மக்கள். ஆய்வாளர்களின் வழியும் தந்திக் கம்பியும் ஒட்டகப் பாதையும் இறுதியில் இருப்புப் பாதையும் அப்பூர்வகுடிகளின் நீர்வழியையே பின்பற்றின. இரயிலின் வரலாறு எங்கிருந்து தொடங்குகிறது என்று வினவினால், நேர்மையான விடை இதுவே.

பாதையின் முனை எந்த ஊரில் நின்றதோ அந்த ஊரில் ஒட்டகக்காரர்களின் குடியிருப்பு ஒன்று தோன்றிற்று. காரணம் எளிது. இரயில் சரக்கைக் கொண்டு வந்து நிலையத்தில் இறக்கிவிடும். ஆனால் ஆட்டுப் பண்ணைகளும் மாட்டுப் பண்ணைகளும் சுரங்கங்களும் அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் கிடந்தன. மாவு, தேயிலை, சர்க்கரை, தகரம், கம்பி, மருந்து என அனைத்தையும் நிலையத்திலிருந்து சுமந்து சென்று, திரும்பும்போது கம்பளி மூட்டைகளை ஏற்றி வந்து இரயிலில் சேர்த்தவை ஒட்டகங்களே. வலிமை மிக்க ஆண் ஒட்டகம் ஒன்று 600 கிலோ வரை சுமக்கும். ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் பிணைத்த எழுபது ஒட்டகங்கள் வரை ஒரே வரிசையாகச் சென்றதுண்டு.

இரயில் பாதையை அமைப்பதிலும் ஒட்டகத்திற்குப் பங்குண்டு. பாதைப் பணியாளர்களுக்கு உணவும் நீரும், பாதைக்குச் சிலீப்பர் கட்டைகளும் ஒட்டகத்தின் முதுகில் வந்தன. போர்ட் அகஸ்டாவிலிருந்து மேற்கே கல்கூர்லி வரை சென்று 1917இல் நிறைவடைந்த பெரும்பாதையின் கட்டுமானத்திலும் அவை உழைத்தன. ஆகவே இரயிலுக்கு ஒட்டகம் முன்னோடி மட்டுமன்று, கூட்டாளியும் ஆகும்.

தண்டவாளத்தின் இரு புறமும்

1884இல் இரயில் எட்டிய ஹெர்காட் ஸ்பிரிங்ஸ் ஊர், முதல் உலகப் போரின்போது ஜெர்மன் வாடை வீசும் பெயர்களை நீக்கும் வேகத்தில் ‘மரீ’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. வடகிழக்கே பேர்ட்ஸ்வில்லுக்குச் செல்லும் நெடும்பாதையும் வடமேற்கே ஊட்னடாட்டாவுக்குச் செல்லும் பாதையும் பிரியும் இடம் அது. எனவே ஒட்டகத் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

இரயில் பாதை அவ்வூரை இரண்டாகப் பிளந்தது. ஒரு புறம் ஐரோப்பியரின் வீடுகளும் விடுதியும் கடைகளும். மறுபுறம் ஒட்டகக்காரர்களின் தகரக் குடிசைகளும் பூர்வகுடிகளின் இருப்பிடங்களும். அப்புறத்தை வெள்ளையர் ‘கான் டவுன்’ என்றனர். இறந்த பின்னும் பிரிவு நீங்கவில்லை. அவ்வூர் மயானமும் ஐரோப்பியர், ஒட்டகக்காரர், பூர்வகுடிகள் என மூன்று பகுதிகளாகவே அமைந்தது.

அந்தக் ‘கான் டவுன்’ பகுதியில் மண்சுவரும் கூரையுமாக ஓர் எளிய பள்ளிவாசல் எழுந்தது. அதன் முன்னே ஒளூச் செய்வதற்கான நீர்த்தொட்டி இருந்தது. ஆஸ்திரேலிய மண்ணில் எழுந்த தொடக்ககாலப் பள்ளிவாசல்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பர். சுற்றிலும் பேரீச்ச மரங்கள் நடப்பட்டன. ஒட்டகக்காரர்களின் பள்ளிகள் வேறு ஊர்களிலும் தோன்றின. புரோக்கன் ஹில்லின் ஒட்டக முகாமில் தகரத் தகடுகளால் எழுந்த பள்ளி இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அடிலெய்டு நகரில் 1888-89இல் கட்டப்பட்டு, 1903இல் மினாராக்கள் சேர்க்கப்பட்ட கற்பள்ளியில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது. வயது முதிர்ந்து உழைக்கவியலாத ஒட்டகக்காரர் பலருக்கு அது தங்குமிடமாகவும் இருந்தது.

வந்தவர்கள் பெரும்பாலும் மனைவியரை உடன் அழைத்துவர இயலாதவர்கள். பலர் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தாயகம் திரும்பினர். தங்கிவிட்டவர்களில் பலர் பூர்வகுடிப் பெண்களையும் சிலர் ஐரோப்பியப் பெண்களையும் மணந்தனர். அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மரீ, போர்ட் அகஸ்டா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் முதலிய ஊர்களில் வாழ்கின்றனர். தந்தை வழியில் பலூச்சியரும் தாய் வழியில் அரபனா குலத்தவருமாக இருப்போர்க்குத் தண்டவாளத்தின் மறுபுறமே இரு வரலாறுகளும் கலந்த வீடாயிற்று.

பெயர் வந்த கதை

இரயிலுக்குக் ‘கான்’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்பது குறித்து இரண்டு கதைகள் வழங்குகின்றன. முதலாவது கதை இது: ஊட்னடாட்டா செல்லும் வண்டியில் படுக்கை வசதியுள்ள பெட்டி இணைக்கப்பட்ட புதிதில், மாலை வேளையில் குவோர்ன் நிலையத்தில் வண்டி நின்றது. ஒட்டகக்காரர் ஒருவர் கீழே இறங்கி விரைந்து சென்று ஒதுக்கமான ஓரிடத்தில் மஃரிப் தொழுதார். அதைக் கண்ட இரயில்வே ஊழியர்கள் அவ்வண்டியை ‘ஆப்கான் எக்ஸ்பிரஸ்’ என்றனர். இது 1923இல் நிகழ்ந்ததாகச் சொல்வர்.

இரண்டாவது கதையின் நோக்கு வேறு. பெருஞ்செலவில் இணைத்த அந்தப் பெட்டியில், திரும்பி வரும்போது ஒரே ஒரு பயணிதான் இருந்தாராம். அவரும் ‘ஆப்கான்’ ஒருவராம். யாரும் ஏறாத வண்டிக்கு இத்தனை செலவா என்று அதிகாரிகளைக் கேலி செய்யவே ஊழியர்கள் அப்பெயரைச் சூட்டினர் என்பது இக்கதை.

இவ்விரண்டில் எது உண்மை என்று வழக்காடுவதில் பயனில்லை. இரண்டும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. ஒட்டகக்காரர் அந்த இரயிலைப் பகையாகக் கருதி விலகி நிற்கவில்லை. அதில் பயணச் சீட்டு வாங்கி ஏறி அமர்ந்தார். முதற்கதையில் அவர் தம் வணக்கத்தையும் உடன் கொண்டு சென்றார். இன்றைய விளம்பரங்கள் ‘முன்னோடிகளைப் போற்றும் பெயர்’ என்று சொன்னாலும், அப்பெயர் பிறந்தது மரியாதையிலிருந்து அன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒட்டகத்தின் முடிவு

1901இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஒன்றிணைந்து ஒரே நாடாயின. அவ்வாண்டே இயற்றப்பட்ட குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெள்ளையரல்லாதார் வருகையை அடைத்தது. 1903ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஆசியாவில் பிறந்தோர் அந்நாட்டுக் குடியுரிமை பெறும் வாயிலையும் மூடிற்று. பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்களாகப் பிறந்து, அப்பேரரசின் மற்றொரு பகுதியில் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள், அங்கே அந்நியராகவே நிறுத்தப்பட்டனர். காளை வண்டிக்காரர்களும் குதிரை வண்டிக்காரர்களும் தங்களைவிடக் குறைந்த கூலிக்குச் சுமையேற்றும் ஒட்டகக்காரர்களை வெறுத்தனர். வணிகப் போட்டி இனப் பகையின் ஆடையை அணிந்துகொண்டது.

எதிர்த்திசையில் நிகழ்ந்த ஒரு கொடுமையையும் இங்கே சொல்லாமல் விடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1915 ஜனவரி முதல் நாள், புரோக்கன் ஹில்லிலிருந்து குடும்பம் குடும்பமாக உல்லாசப் பயணம் சென்ற மக்கள் நிறைந்த இரயில் மீது, முன்னர் ஒட்டகத் தொழில் செய்த இருவர் துப்பாக்கியால் சுட்டனர். அன்று நால்வர் கொல்லப்பட்டனர். சுட்ட இருவரும் மாண்டனர். அப்பாவிகள் மீது நடத்திய அத்தாக்குதலுக்கு எந்த நியாயமும் இல்லை.

1920களில் மோட்டார் லாரி பாலைக்குள் நுழைந்தது. ஒட்டக வரிசை வாரக்கணக்கில் கடந்த தூரத்தை லாரி சில நாட்களில் கடந்தது. 1925இல் தெற்கு ஆஸ்திரேலிய அரசு ஒட்டக அழிப்புச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. உரிமையாளர் அடையாளமின்றித் திரியும் ஒட்டகங்களைச் சுட்டுக் கொல்ல அது வழி செய்தது. வேலையற்ற ஒட்டகத்தை வைத்துக் காப்பாற்ற ஒட்டகக்காரருக்கு வசதியில்லை. கையால் வளர்த்ததைச் சுட மனமும் இல்லை. பலர் அவற்றை அவிழ்த்துப் பாலையில் விட்டுவிட்டனர். ஒட்டகத்தின் படைப்பைச் சிந்திக்கத் தூண்டும் திருமறையை ஓதி வளர்ந்தவர்கள் அவர்கள். அவ்வாறு விடப்பட்டவற்றின் வம்சம் இலட்சக்கணக்காகப் பெருகி, 2009 முதல் 2013 வரை அரசுத் திட்டத்தின்படி ஏறத்தாழ 1,60,000 ஒட்டகங்கள் கொல்லப்படும் நிலை வந்தது.

1929 ஆகஸ்டு மாதம் ஊட்னடாட்டாவைத் தாண்டி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை முதல் பயணிகள் இரயில் சென்றது. போர்ட் அகஸ்டாவிலிருந்து மொத்தம் ஏறத்தாழ 1,240 கிலோமீட்டர். இந்த நீட்டிப்புப் பணிக்கும் ஒட்டகங்கள் சுமை தூக்கின. முடிந்ததும் அவற்றின் எஞ்சிய வேலையும் முடிந்தது. முன்னர்ப் பாதை நீண்டபோதெல்லாம் ஒட்டகத்திற்குப் புதிய முனை கிடைத்தது. இம்முறை அம்முனையில் லாரி நின்றிருந்தது.

இக்காலமாற்றத்தை ஒரே மனிதரின் வாழ்வில் காணலாம். பலூச்சிஸ்தானில் பிறந்து 1890இல் ஆஸ்திரேலியா வந்த பீஜா தர்வேஷ், 1896இல் லாரன்ஸ் வெல்ஸ் தலைமையில் சென்ற கால்வர்ட் ஆய்வுக் குழுவில் ஒட்டகங்களைப் பேணினார். குழுவினர் இருவர் தாகத்தால் இறந்த அக்கடும் பயணத்தில் அவர் காட்டிய உறுதிக்காக வெல்ஸ் தம் திசைகாட்டியையே அவருக்குப் பரிசளித்தார். பின்னர் மரீயில் குடியமர்ந்து, முதுமையில் பேரீச்ச மரங்களைப் பேணி வாழ்ந்தார். அவருடைய மகன் ஜாக், 1939இல் செசில் மடிகன் சிம்சன் பாலையைக் கடந்தபோது ஒட்டகக்காரராக உடன் சென்றார். 1954இல் ஜான் ஹேயர் எடுத்த, பேர்ட்ஸ்வில் பாதை பற்றிய புகழ்பெற்ற ஆவணப்படத்தில் முதியவரான பீஜாவைக் காணலாம். அப்படத்தின் நாயகரோ லாரியில் அஞ்சல் கொண்டு சென்ற டாம் குரூஸ். அடுத்தடுத்த இரு யுகங்கள் ஒரே படத்தில் பதிவாயின. 1957இல் பீஜா மரணமடைந்தார்.

இரயிலின் முடிவு

ஒட்டகத்தை விஞ்சிய இரயிலுக்கும் நீண்ட ஆயுள் அமையவில்லை. மலிவாக அமைத்த பாதையின் குறைகள் தொடக்கம் முதலே வெளிப்பட்டன. ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடக்கும் ஃபிங்கே முதலிய ஆறுகள் திடீரென வெள்ளமாகிப் பாதையை அடித்துச் செல்லும். மரச் சிலீப்பர் கட்டைகளைக் கரையான் அரிக்கும். ஊற்று நீரின் உப்பு எஞ்சினின் கொதிகலனைக் கெடுக்கும். பாதை சிதைந்த இடத்தில் அங்கேயே செப்பனிட வேண்டும் என்பதற்காக, சிலீப்பர் கட்டைகளும் கருவிகளும் ஏற்றிய திறந்த பெட்டி ஒன்று எஞ்சினுக்குப் பின்னால் இணைக்கப்பட்டிருந்தது. வெள்ளத்தில் இரண்டு வாரம் சிக்கிய வண்டியில் ஓட்டுநரே காட்டாடுகளைச் சுட்டுப் பயணிகளுக்கு உணவளித்தார் என்னும் கதை இன்றும் சொல்லப்படுகிறது. காலந்தவறுவதே அவ்வண்டியின் இயல்பு எனினும், வழியில் கிடந்த சிற்றூர்களுக்கு அதுவே உயிர்நாடி. சரக்கும் பயணிகளும் கால்நடையும் கடிதமும் அதிலேயே வந்தன. இரண்டாம் உலகப் போரில் வடக்கே சென்ற படைவீரர்களும் தளவாடங்களும் இவ்வொற்றைக் குறுகிய பாதையிலேயே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை சென்றனர்.

போருக்குப் பின் நிலைமை மாறிற்று. 1954 முதல் டீசல் எஞ்சின்கள் வந்தன. அவற்றுக்கு நீர் நிரப்பும் நிலையங்கள் தேவையில்லை. நீர்த்தொட்டியைச் சுற்றி வாழ்ந்த ஊழியர்களும் குறைந்தனர். 1957இல், லீ கிரீக் நிலக்கரிக்காக 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதை வேறு வழியாக மரீ வரை அமைக்கப்பட்டது. இதனால் குவோர்ன் நகரம் ஒரே நாளில் ஓரமாயிற்று. மரீக்கோ எதிர்பாராத வாழ்வு வந்தது. அகலப் பாதையிலிருந்து குறுகிய பாதைக்குப் பயணிகள் வண்டி மாற வேண்டும். சரக்கையும் இறக்கி ஏற்ற வேண்டும். ஒரு காலத்தில் இரயிலிலிருந்து ஒட்டகத்திற்குச் சரக்கு மாறிய அதே ஊரில், இப்போது இரயிலிலிருந்து இரயிலுக்கு மாறிற்று.

1980இல் அதற்கும் முடிவு வந்தது. வெள்ளம் எளிதில் அண்டாத மேற்குப் பகுதியில், டார்கூலாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை ஏறத்தாழ 830 கிலோமீட்டர் நீளப் புதிய அகலப் பாதை அவ்வாண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. பழைய பாதை அவ்வாண்டிறுதிக்குள் மூடப்பட்டது. ‘கான்’ என்னும் பெயர் புதிய பாதைக்குச் சென்றது. அப்பெயருக்குக் காரணமான ஊர்கள் பழைய பாதையிலேயே நின்றுவிட்டன. 1987இல் போர்ட் அகஸ்டாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரையிலான ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுவதும் தார்ச்சாலையாயிற்று. பல பெட்டிகளைக் கோத்து இழுக்கும் இராட்சத லாரிகள் அதில் ஓடுகின்றன. அவற்றுக்கு ‘சாலை இரயில்’ என்றே பெயர். ஒட்டகத்தின் கடைசிச் சுமையைப் பறித்த வாகனமே சிற்றூர் நிலையங்களின் சுமையையும் எடுத்துக்கொண்டது.

இது அப்பாதைக்கு மட்டும் நேர்ந்ததன்று. நல்லர்போர் சமவெளியில் இரயில்வே குடும்பங்களுக்கு இறைச்சியும் மளிகையும் ஊதியமும் கொண்டு சென்ற ‘டீ அண்டு சுகர்’ என்னும் கடை இரயில் 1996இல் நின்றது. தெற்கு ஆஸ்திரேலியாவின் உள்ளூர்ப் பயணிகள் வண்டிகள் 1990இன் முடிவில் நிறுத்தப்பட்டன. மரீ வரை வந்த அகலப் பாதையும் 1980களிலேயே மூடப்பட்டது. லீ கிரீக் நிலக்கரிச் சுரங்கம் 2015இல் மூடப்பட, மறு ஆண்டு கடைசி நிலக்கரி வண்டியும் சென்று முடிந்தது.

எஞ்சியவை

1911இல் வடக்குப் பிரதேசத்தை நடுவண் அரசு தெற்கு ஆஸ்திரேலியாவிடமிருந்து ஏற்றபோது, தெற்கு வடக்குப் பாதையை முடித்துத் தருவதாக வாக்களித்திருந்தது. அவ்வாக்கு 93 ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறிற்று. 2004 பிப்ரவரியில் ‘கான்’ முதன்முறையாக டார்வினை அடைந்தது. பாதையில் நெடிய சரக்கு வண்டிகளும் ஓடுகின்றன. எனவே இரயில் ஒழிந்துவிட்டது என்று சொல்ல இயலாது. ஒழிந்தது, வழிதோறும் நின்று சிற்றூர் மக்களை ஏற்றிச் சென்ற இரயில். இன்றைய ‘கான்’ செல்வந்தச் சுற்றுலாப் பயணிகளுக்கான சொகுசு வண்டி. எளியோர் வாங்கக்கூடிய உட்காரும் இருக்கை வகுப்பும் 2016இல் நீக்கப்பட்டது. குவோர்ன் மேடையில் இறங்கித் தொழுத அந்த மனிதர் இன்று வந்தால், தம் பெயரைத் தாங்கிய வண்டியில் அவருக்கு இடம் கிடைப்பது அரிது.

பழைய பாதையின் தடத்தில் இப்போது செம்மண் சாலை செல்கிறது. நீல்ஸ் ஆற்றின் மீது ஏறத்தாழ 580 மீட்டர் நீளமுள்ள அல்ஜபக்கினா இரும்புப் பாலம் தண்டவாளமின்றி நிற்கிறது. கோதுமை விளையும் என நம்பி, மாவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயரிட்ட ஃபரினா ஊர், மழை பொய்த்து, இரயிலும் போய், கற்சுவர்களாகக் கிடக்கிறது. ஊட்னடாட்டா நிலையம் அருங்காட்சியகம் ஆயிற்று. 1973இல் தொடங்கிய பிச்சி ரிச்சி பாதுகாப்புச் சங்கத்தின் தன்னார்வலர்கள், குவோர்னுக்கும் போர்ட் அகஸ்டாவுக்கும் இடையே பழைய பாதையில் வண்டி ஓட்டுகின்றனர். அவற்றுள் ஒன்றுக்கு ‘ஆப்கான் எக்ஸ்பிரஸ்’ என்று முழுப்பெயரையே சூட்டியுள்ளனர். மரீயில் பழைய பள்ளியின் நினைவாக எளிய கட்டுமானம் ஒன்று எழுப்பப்பட்டுள்ளது.

இவற்றைவிட முக்கியமானது பெயர்களை மீட்கும் பணி. குடியேற்றப் பதிவேட்டிலும் ஒப்பந்தச் சீட்டிலும் முஹம்மது ‘மஹோமெட்’ ஆனார். ஈஸா கான் ‘ஈசா’ ஆனார். பலூச்சி ஒருவர் தம் சொந்தப் பெயரையே இழந்து ‘பெலூச்’ என்று மட்டும் எழுதப்பட்டார். ஒருவரின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கும்போது அவர் ஒருவரா மூவரா என்பதே தெரியாமற் போகிறது. 2007இல் தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் சார்பில் பிலிப் ஜோன்ஸ், அன்னா கென்னி ஆகியோர் வெளியிட்ட நூல், 1,200க்கும் மேற்பட்ட ஒட்டகக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் பெயர் பெயராகத் தொகுத்தளித்தது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் ஆசிரியரையும் தேடித் திரட்டிய ‘அஸ்மாவுர் ரிஜால்’ மரபினர் நாம். பெயரறியப்படாதவர் வழியே வரும் செய்தியின் நிலை என்ன என்பதை அக்கலை நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆயினும் கடல் கடந்து உழைத்து மறைந்த இச்சகோதரர்களின் பெயர்களைத் திரட்டும் பணியை நாம் செய்யவில்லை; வேறு நாட்டு ஆய்வாளர்கள் செய்துள்ளனர். அதற்கு நன்றி பாராட்டுவதே முறை.

ஒட்டகம் போயிற்று. அதன் கூட்டாளியான சிற்றூர் இரயிலும் போயிற்று. ஒரு தொழில் மறைவது காலத்தின் இயல்பு. அதற்காக எவரையும் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. ஆனால் தொழில் மறையும்போது அதைச் செய்தவனுக்கு அடுத்த வாயிலைத் திறந்து வைப்பதா அடைப்பதா என்பது மனிதர் எடுக்கும் முடிவு. இரயில்வே ஊழியருக்கு வேறு ஊரும் வேறு வேலையும் தேட உரிமை இருந்தது. ஒட்டகக்காரருக்குக் குடியுரிமையே இல்லை. ஒரே லாரியால் வீழ்த்தப்பட்ட இருவரின் முடிவையும் வேறுபடுத்தியது இதுவே. பாதிப்பெயராக இரயிலின் நெற்றியில் எழுதப்பட்டிருக்கும் ‘கான்’ என்னும் சொல்லை வாசிப்போர், விடுபட்ட முற்பகுதியையும் சேர்த்து வாசிக்கக் கற்க வேண்டும்.